பத்தடி முன்னாலேயே திறந்த கதவு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இருபத்தெட்டு வயது. அது ஓடும்போது போடும் சத்தத்தை நான் கூட்டிச் சொல்வதாக என் வீட்டுக்காரி குறைப்பட்டுக்கொள்வாள். கூட்டவே இல்லை. மேல்மாடிக் குழந்தை அந்தச் சத்தம் கேட்காமல் தூங்காது. ஒருநாள் மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் நின்றதும் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அதன் அப்பா இறங்கி வந்து, "சார், கரண்ட் வர்ற வரைக்கும் நீங்களாவது கொஞ்சம் உறுமுங்களேன்" என்று கெஞ்சினார். உறுமினேன். பத்தே நிமிஷத்தில் குழந்தை தூங்கிவிட்டது. கீழ்வீட்டு நாய்தான் மிரண்டு ஓடிப்போய் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது.

அந்த ஃப்ரிட்ஜின் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த நாற்காலியில்தான் உட்காரச் சொல்வோம். ஆள் கனமாக இருந்தால் அன்றைக்கு ஐஸ் நன்றாகப் பிடிக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "வந்த பணத்துல ஒரு புது ஃப்ரிட்ஜ் வாங்கிடலாம்" என்றாள் வீட்டுக்காரி. சம்பந்தி வீட்டார் வந்திருந்த நேரம் அது. சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் கதவு திறந்துகொள்ளும் என்பதால் எழ முடியாமல் இருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கைக்காசு ஒத்தப் பைசா செலவில்லாம ஃப்ரிட்ஜ் கொண்டுவர்றேன். ரெண்டு கதவு வெச்சது. நீ வேணா பாரு" என்றேன்.

தெருக்கோடியில் இருக்கும் பெரிய கடையில் அப்போதுதான் பாயிண்ட் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சாமான் வாங்கி, கவுண்டரில் நம் ஃபோன் நம்பரைச் சொன்னால் கணக்கில் பாயிண்ட் ஏறும். ஐம்பதாயிரம் பாயிண்ட் சேர்ந்தால் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். கடைக்காரர்கள் கொடுத்த புத்தகத்தில் படம் கூட இருந்தது.

வீட்டுக்காரி ஒரு காகிதத்தை எடுத்து, எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு மாதம் எத்தனை பாயிண்ட் ஏறும் என்று வகுத்துப் பார்த்தாள். எனக்கு நூற்று முப்பத்தோரு வயது ஆகும்போது ஃப்ரிட்ஜ் வரும் என்று விடை வந்தது.

"அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். நீங்க இருப்பீங்க. கதவைச் சாத்திச் சாத்தித் தொறந்து விளையாடுங்க" என்றாள்.

நான் சும்மா இருக்கும் ஆளில்லை. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். லிஃப்ட், தானாகத் திறக்கும் கதவு, இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருமுறை நான் பழுது பார்த்த லிஃப்ட், கட்டடத்தில் இருந்ததைவிட ஒரு மாடி கூடுதலாகப் போய் நின்றது. கடைசியில் கட்டடத்துக்காரர் இன்னொரு மாடி கட்ட வேண்டியதாகிவிட்டது. இதை நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் அந்த மாடிக்கு வாடகைக்கு வந்ததில்லை.

எங்கள் கட்டடத்தில் எங்களைச் சேர்த்து முப்பத்திரண்டு வீடு. எல்லோருக்கும் நான் "லிஃப்ட் சார்". ஒவ்வொரு வீடாகப் போய் ஒப்பந்தம் பேசினேன். உங்கள் வீட்டில் எந்தக் கதவு சிக்கினாலும், எந்தக் குழாய் சொட்டினாலும், எந்த மிக்ஸி முரண்டு பிடித்தாலும் நான் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன். நீங்கள் கடைக்குப் போனால் என் நம்பரைச் சொல்லுங்கள். அவ்வளவுதான். முப்பத்தொரு வீட்டாரும் ஒரே வாரத்தில் என் நம்பரை மனப்பாடம் செய்துவிட்டார்கள். மூன்றாம் மாடிப் பெண்மணி பிரசவத்துக்குப் போன இடத்தில், நம்பர் கேட்டதும் பழக்கதோஷத்தில் என்னுடையதைச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஃபோன் செய்து, "வாழ்த்துகள், பொண்ணு பிறந்திருக்கு" என்றார்கள். எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. வீட்டுக்காரிக்கு விளக்கிச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

முதல் ஐந்து வருஷம் பில்லின் அடியில் பாயிண்ட் அச்சாகி வரும். முப்பத்தொன்பதாயிரம் வரை நானே கண்ணால் பார்த்தேன். அப்புறம் மரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, கடையில் காகித பில்லை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் ஃபோனுக்கு வரும் என்றார்கள். வந்தது. சோப்புக்குத் தள்ளுபடி, துடைப்பத்துக்குத் தள்ளுபடி, குழந்தை டயப்பருக்குத் தள்ளுபடி என்று நாளைக்கு ஒன்பது செய்தி வந்தது. நான் படிக்காமலேயே அழிக்கப் பழகிவிட்டேன். விலைவாசி ஏற ஏற, பாயிண்ட்டும் மாதம் ஆயிரம் ஏறும் அளவுக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் போதாதா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஃப்ரிட்ஜ் உறுமுவதை நிறுத்திவிட்டது. பால் திரிந்துபோயிருந்தது. வீட்டுக்காரி திரிந்த பாலைக் கொட்டிவிட்டு, ஒரு நூலை எடுத்து, ஃப்ரிட்ஜ் நிற்கும் மூலையின் அகலத்தை அளந்து, முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"இதுக்குள்ள அடங்கணும். இன்னைக்கே கொண்டுவரச் சொல்லுங்க. ஆறு வருஷம் ஆச்சு. சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவை ஃபோன் பண்றப்போவும், 'வந்துடுச்சா, வந்துடுச்சா'ன்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லி மாளல."

"இன்னைக்குச் சாயங்காலம் நீயே ஃபோன் பண்ணிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன்.

வாடிக்கையாளர் கவுண்டரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நம்பரைச் சொன்னேன். பாதியிலேயே அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, அந்த நம்பரா! நீங்கதானா அது? நான் ஏதோ கம்பெனின்னு நெனச்சுட்டிருந்தேன், தாத்தா."

"கம்பெனிதாம்மா. ஃப்ரிட்ஜ் எடுத்துக்க வந்திருக்கேன். எவ்வளவு இருக்கு?"

"முன்னூத்தி பன்னெண்டு."

"ஆயிரத்தை விட்டுட்டுப் படிக்கிற போல."

"ஆயிரமெல்லாம் இல்ல தாத்தா. வெறும் முன்னூத்தி பன்னெண்டு."

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் திருப்பிக் காட்டிய திரையைப் பார்த்தேன். கண்ணாடியில் குற்றம் இல்லை.

"இதுக்கு என்ன கிடைக்கும்?"

அவள் உண்மையாகவே அக்கறையோடு தேடிப் பார்த்தாள். "ஒரு ஐஸ் ட்ரே கிடைக்கும் தாத்தா."

விஷயம் இதுதான். போன வருஷம் கடையில் விதியை மாற்றியிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் சேர்த்து வைத்த பாயிண்ட்டெல்லாம் காலாவதி. அதோடு, ஒரு நம்பருக்கு மாதம் இருபத்தாறு பாயிண்ட்டுக்கு மேல் ஏறாது. அதாவது முப்பத்தொரு வீட்டாரும் மாதம் முழுக்க மூச்சைப் பிடித்து என் நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்க, கணக்கு ஒண்ணாந்தேதி மத்தியானத்துக்கு முன்னாலேயே நிரம்பியிருக்கிறது.

"அப்புறம் ஏம்மா தெனமும் நம்பர் கேட்டீங்க?"

"கேக்கணும்னு ரூல், தாத்தா."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னோமே. ஒரு வருஷமா வாசல் கதவுல ஒட்டியிருக்கே. நீங்க பாக்கலையா?"

நான் வாசலுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு விலகித் திறந்தது. வெளியே போய்ப் பதினைந்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தேன். கதவு மூடியது. நடுவில் வெள்ளைக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. முதல் வரி பெரிய எழுத்தில், "அன்பான வாடிக்கையாளரே" என்று இருந்தது. மற்றதெல்லாம் எறும்பு வரிசை. படிக்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். கதவு திறந்து, காகிதம் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பின்னால் வந்தேன், "அன்பான வாடிக்கையாளரே." முன்னால் போனேன், சோப்பு. இப்படி எட்டுத் தடவை போய் வந்தேன்.

ஒன்பதாவது தடவைதான் எனக்கு உறைத்தது. இந்தக் கதவைத் திருகியவன் நான்.

பதின்மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் கதவு தாமதமாகத் திறந்துகொண்டிருந்தது. ஆட்கள் வந்த வேகத்தில் கண்ணாடியில் மோதினார்கள். ஒரு பெரியவருக்கு மூக்கே பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அதன் பிறகு அவர் தெருவில் நேராக நடந்தாலும், இடது பக்கம் போகிறார் என்றுதான் எதிரில் வருகிறவர்கள் நினைத்தார்கள். கம்பெனி ஆளைக் கூப்பிட்டால் பெரிய தொகை கேட்பான் என்று மேனேஜர் பையன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஸ்டூலும் திருப்புளியும் கேட்டு வாங்கி, மேலே இருக்கும் சென்சாரைத் திருகி, ஆள் பத்தடி தள்ளி வரும்போதே கதவு திறக்கும்படி வைத்தேன். மனிதன் கேட்பதற்கு முன்னால் திறப்பதுதான் கதவுக்கு மரியாதை என்பது என் கட்சி. மேனேஜர் மகிழ்ந்துபோய் ஐந்நூறு பாயிண்ட் போட்டுக் கொடுத்தான். அதுவும்தான் போயிற்று.

அதற்கு அடுத்த மாதம் அந்தக் காகிதத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஊரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கடை சாத்தியிருந்தால் ஷட்டர் மறைக்கும். திறந்திருந்தால் என் கைவேலை மறைக்கும்.

அந்தச் சென்சார் அசைவைத்தான் பார்க்கும். அசையாமல் நின்றால் ஆளைத் தூண் என்று நினைத்துக் கதவை மூடிவிடும். அதனால் கதவுக்கு ஒன்றரை அடியில் போய், மூச்சை அடக்கி, மரம் மாதிரி நின்றேன். கதவு மூடியது. விழியை மட்டும் உருட்டிப் படித்தேன். "காலாவதியாகும்" என்ற சொல் வந்த இடத்தில் பெருமூச்சு வந்துவிட்டது. கதவு திறந்தது. மறுபடி மரமானேன்.

காவலாளி பக்கத்தில் வந்தார். "ஐயா, உடம்புக்கு ஏதாவது?"

உதட்டை அசைக்காமல், "படிக்கிறேன்" என்றேன்.

"உள்ள புத்தகமெல்லாம் விக்கிறாங்க ஐயா" என்றார் அவர்.

படித்து முடித்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். நல்ல பையன். எழுந்து நின்றான். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான்.

"தலைமை ஆபீஸ் முடிவு சார். சிஸ்டத்துல போனது போனதுதான். நான் நெனச்சாலும் ஏத்த முடியாது."

"நோட்டீஸை யாருமே படிக்க முடியாதபடி வெச்சிருந்தீங்கன்னு தலைமை ஆபீஸுக்கு எழுதினா?"

"எழுதினா ஏத்துவாங்க சார். ஏன் படிக்க முடியலைன்னும் கேப்பாங்க." அவன் குரல் இறங்கியது. "வெளி ஆளை விட்டுக் கதவைக் கழட்ட வெச்சேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்படித்தான் ரூல். நாளைக்குக் காலையில ஆபீஸ்லருந்து ஒரு மேடம் சோதனைக்கு வர்றாங்க. நேத்துலருந்து எனக்குச் சோறு இறங்கல."

அறையில் ஒரு சின்ன மின்விசிறி அவன் முகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் வியர்த்தான்.

ஒரு கடிதம் எழுதினால் ஐம்பதாயிரமும் திரும்பி வரும். ஃப்ரிட்ஜ் வரும். சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் போகும். இவன் வீட்டுக்குப் போவான். திருகியது நான், இவன் ஸ்டூலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் கைவிட்டேன். நூல் தட்டுப்பட்டது. அதை விரலில் சுற்றிக்கொண்டேன்.

"ஸ்டூல் எங்க?" என்றேன்.

"சார்?"

"கம்பெனி வெச்ச அளவு ரெண்டடி. மோதாம இருக்க மூணடியில வெச்சுத் தர்றேன். ஒரு அடி வித்தியாசம் வர்ற அம்மா கண்ணுக்குத் தெரியாது. திருப்புளி கொண்டா."

அவன் மறுபடி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இப்போது அந்தக் காகிதத்தை எவரும் நின்று நிதானமாகப் படிக்கலாம்.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி நான் எதையும் சொன்னதில்லை. சொல்லும்போதே சப்பென்று இருந்தது.

வீட்டுக்காரி கடைசி வரை கேட்டாள்.

"ஐம்பதாயிரம் பாயிண்ட்டை ஒரு கதவு முழுங்கிடுச்சு."

"ஆமா."

"அந்தக் கதவை நீங்கதான் திருகி வெச்சீங்க."

"ஆமா."

"மரம் மாதிரி நின்னு படிச்சீங்க."

"ஆமாங்கிறேன்."

"நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு மணி நேரம் லேட்டா வந்துட்டு, லிஃப்ட்ல யானை மாட்டிக்கிச்சுன்னு சொன்ன ஆளுதானே நீங்க?"

"அது குட்டி யானை."

"யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க, உண்மையைச் சொல்லுங்க. மேல்மாடிக்காரருக்கா? இல்ல ஒண்ணுமே சேரவே இல்லையா? ஆறு வருஷமா என்னை நாற்காலிய நகத்த வெச்சிட்டு, இன்னைக்குக் கதவு கதை சொல்றீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "ஃப்ரிட்ஜ் வரலேன்னு கூட வருத்தமில்ல. என்கிட்ட கூடவா?"

"நாளைக்கு வா. கதவையே காட்டுறேன்" என்று சொன்ன பிறகுதான், காட்டுவதற்கு அந்தக் கதவு இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் போனோம். கதவுக்கு நாலடி முன்னால் வீட்டுக்காரி நின்றாள். கதவு அசையவில்லை. அவள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து மாட்டி, "அன்பான வாடிக்கையாளரே" தொடங்கி, கடைசி வரியில் இருந்த "புரிதலுக்கு நன்றி" வரை சத்தமாகப் படித்தாள். நடுவில் ஒருமுறை தும்மினாள். அப்போதும் கதவு திறக்கவில்லை. நான் செய்த வேலை அவ்வளவு சுத்தம்.

"நல்லாத்தானே தெரியுது" என்றாள்.

"நேத்து தெரியல."

உள்ளே போனோம். மேனேஜர் பையன் காய்கறிப் பகுதியில், கையில் கோப்போடு இருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சோதனைக்கு வந்தவர் அவர்தான். தக்காளியைக்கூட விசாரணைக் கைதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் தடுப்பதற்குள் வீட்டுக்காரி நேராக அவர்களிடம் போய்விட்டாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். இவர் ஒண்ணு சொல்றாரு, அது நெஜமான்னு மட்டும் சொல்லுங்க. நேத்து வரைக்கும் உங்க வாசல் கதவு வேற மாதிரி இருந்துச்சாம். இவர்தான் அதைக் கழட்டித் திருகினாராம். அதனாலதான் நோட்டீஸை யாராலயும் படிக்க முடியலையாம்."

அந்த அம்மாவின் பேனா நின்றது. "எந்தக் கதவு?" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவன் ஆமாம் என்று சொல்லிவிடுவான் போலத்தான் எனக்குத் தோன்றியது. நல்ல பையன் என்று முன்பே சொன்னேன்.

"சும்மா கதை விட்டேன்" என்றேன். "கதவை நான் தொடவே இல்ல."

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். பிறகு மேனேஜரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"வீட்டுல இவர் இப்படித்தான்" என்றாள் அந்த அம்மாவிடம். "மன்னிச்சுக்குங்க. தம்பி, ஃப்ரிட்ஜெல்லாம் எந்தப் பக்கம்?"

மேனேஜர் தானே முன்னால் நடந்து வழி காட்டினான். வீட்டுக்காரி என் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து, ஆறு ஃப்ரிட்ஜை அளந்து, ஏழாவதைத் தட்டிக் காட்டினாள். ஒற்றைக் கதவுதான். கவுண்டரில் அவள் கைப்பையிலிருந்து ஒரு பணக்கட்டை எடுத்தாள். அப்படி ஒரு கட்டு இருப்பதே எனக்குத் தெரியாது.

"எப்போலருந்து?" என்றேன்.

"நீங்க பாயிண்ட் சேக்க ஆரம்பிச்ச அன்னையிலருந்து. என்னோடது காலாவதி ஆகாது."

"உங்க நம்பர் சொல்லுங்க" என்றாள் கவுண்டர் பெண்.

"வேணாம்மா. இவருக்கு இந்த மாசத்து இருபத்தாறு எப்பவோ முடிஞ்சிருக்கும்."

வெளியே வந்து தெருவில் நடந்தோம். சம்பந்தியம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பையனுக்கு வேலை போயிருக்கும், இல்ல?" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். "நீ நேத்து நம்பலையே."

"நேத்து நம்பல. இன்னைக்கு நீங்க கதை விட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அப்போ நம்பினேன்."

"எப்படி?"

"பொய் சொல்லும்போது உங்க மூஞ்சி எவ்வளவு சந்தோஷமா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அங்க அது இல்ல."

சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். பின்னால் திரும்பாமலே, "சம்பந்தியம்மாகிட்ட பாயிண்ட்ல வந்ததுன்னே சொல்லிடுறேன். ஒரு கதவு குறைஞ்சதுக்கு மட்டும் நீங்க ஏதாவது சொல்லிக்குங்க" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷம் ஒரு கதையும் வாயில் வரவில்லை. இதைச் சொன்னால் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.